சும்மா போகிறவர்களுக்கு மட்டும்

ஜெயராமன் மீசை முளைத்த காலத்திலிருந்து சைக்கிள் ஓட்டுகிறவர். ஆனால் தான் ஒரு சைக்ளிஸ்ட் இல்லை என்பது அவருக்கு ஐம்பது வயது தாண்டிய பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பெங்களூர் அல்சூர் குளத்தோரச் சாலையில்தான் தெரிய வந்தது. அதுவரை அறியாமையிலேயே பெடலை மிதித்துக்கொண்டிருந்தார். பாவம், எடுத்துச் சொல்ல ஆளில்லை.

இப்போது ஆள் வந்துவிட்டார்கள். மாநகர மிதிவண்டிப் பண்பாட்டு மன்றம் என்று அதற்குப் பெயர். கன்னடத்தில் அந்தப் பெயர் இன்னும் நீளம், பலகையில் எழுதும்போது கடைசி இரண்டு எழுத்துக்கு இடமில்லாமல் பக்கத்துச் சுவரில் எழுதினார்கள். மன்றம் பாதி அரசாங்கம், பாதி கிளப். அரசாங்கப் பாதியிலிருந்து கார் வந்தது, கிளப் பாதியிலிருந்து டீ ஷர்ட் வந்தது. இந்த மன்றம்தான் குளத்தோரச் சாலையில் ஒரு பக்கத்தைப் பிரித்து, பச்சைப் பெயிண்ட் அடித்து, ஓரமாக இரும்புக் கம்பங்கள் நட்டு, சைக்கிள் பாதை போட்டது. அதற்காக ஆறேழு மரங்களை வெட்டினார்கள். சைக்கிள் சுற்றுச்சூழலுக்கு நல்லது அல்லவா.

ஜெயராமனுக்கு அந்தப் பாதையைப் பார்த்ததும் மனசு குளிர்ந்துபோனது. அல்சூரில் வீடு, காக்ஸ் டவுனில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் வேலை. காலையில் கேட்டைத் திறந்து, வகுப்புகளைக் கூட்டி, மணியடிக்க வேண்டும். பள்ளிக்கூடம் நேரடியாகச் சம்பளம் கொடுப்பதில்லை, நடுவில் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனி. சம்பளம் ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் கம்பெனி ஒரு காப்பீட்டு அட்டை கொடுத்திருந்தது. அவர் மனைவி காந்தாவுக்குச் சர்க்கரை முற்றி இரண்டு கிட்னியும் போய்விட்டன. வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ். அந்த அட்டை இருக்கிறவரைக்கும் காந்தா இருப்பாள். வேலை இருக்கிறவரைக்கும் அட்டை இருக்கும். சைக்கிள் ஓடுகிறவரைக்கும் வேலை இருக்கும். ஜெயராமனின் குடும்பக் கணக்கு இவ்வளவுதான்.

"நமக்குன்னு ஒரு ரோடே போட்டுட்டான் பாரு" என்று முந்தின நாள் ராத்திரி காந்தாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். காந்தாவும் "பரவால்லியே" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை பச்சைப் பாதையில் ஏறி இருபது மிதி மிதித்திருப்பார். மஞ்சள் சட்டை போட்ட ஒரு பையன் விசில் ஊதிக் கையைக் காட்டினான். சட்டையில் ஸ்ரீஹர்ஷா, டிராக் மார்ஷல் என்று எழுதியிருந்தது.

"நில்லி சார், நில்லி. எல்லி ஹோக்தா இத்தீரா?" என்றவன், ஜெயராமனின் நெற்றியில் இருந்த திருநீற்றையும் ஹேண்டிலில் தொங்கிய சாப்பாட்டுத் தூக்கையும் பார்த்துத் தமிழுக்கு மாறினான். "எங்க போறீங்க சார்?"

"ஸ்கூலுக்குப்பா."

"ஸ்கூலுக்கு எதுக்கு?"

"வேலைக்கு. கேட்டு தொறக்கணும்."

ஸ்ரீஹர்ஷாவின் முகத்தில் நிஜமான வருத்தம் தெரிந்தது. நல்ல பையன். "அப்போ நீங்க சைக்ளிஸ்ட் இல்ல சார்" என்றான்.

ஜெயராமன் சந்தேகத்துடன் குனிந்து பார்த்தார். கால் நடுவில் சைக்கிள் இருக்கத்தான் செய்தது. "இது சைக்கிள்தானேப்பா?"

"சைக்கிள் ஓகே சார். சைக்கிள் மேல நமக்கு ஒண்ணும் கம்ப்ளெயிண்ட் இல்ல. பிராப்ளம் நீங்கதான்." அவன் கையிலிருந்த போனை நீட்டினான். "நோடி, இங்க பாருங்க, இதுல பர்பஸ் கேக்குது. உடல்நலம், மனமகிழ்ச்சி, பூமியைக் காப்பாத்தறது. மூணுல எது?"

"கேட்டு தொறக்கறது இல்லியா?"

"இல்ல சார்."

"பூமியைக் காப்பாத்தறதுன்னு போட்டுக்கயேன்."

"அதுக்கு ஹெல்மெட் வேணும் சார்." அவன் குரலைத் தாழ்த்தினான். "இந்த டிராக்கு சும்னே ஓட்டறவங்களுக்கு. சும்மா. எங்கயும் போகாதவங்களுக்கு. அதுதான் ஃபர்ஸ்ட் ரூல்."

ஜெயராமன் பெரிய சாலைக்கு இறங்கினார். அங்கே டிராஃபிக் கான்ஸ்டபிள் நின்றிருந்தார். சைக்கிளுக்குத் தனிப் பாதை போட்டுவிட்டதால் இனிமேல் பெரிய சாலையில் சைக்கிள் வரக் கூடாது என்று அவருக்கு உத்தரவு. "டிராக் இதெயல்லப்பா, இல்லி யாக்கெ பந்தெ?" என்றார், டிராக்தான் இருக்கிறதே, இங்கே ஏன் வந்தாய் என்று. அங்கே விடவில்லை என்று ஜெயராமன் சொன்னதும், "இங்கயும் விடமாட்டேன்" என்று நியாயமாகவே பதில் சொன்னார். நடைபாதையில் தள்ளிக்கொண்டு போகலாம் என்று பார்த்தால், நடைபாதையை அடைத்துக்கொண்டு மன்றத்தின் விளம்பரப் பலகை. அதில் ஒரு பெண் சைக்கிள் மேல் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே 'தெரு உங்களுடையது' என்று போட்டிருந்தது.

சந்து சந்தாகச் சுற்றி, ரயில்வே கேட்டில் நின்று, கடைசியில் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது மணியை வேறு யாரோ அடித்துவிட்டார்கள். வாசலில் முகத்தைப் பார்த்து நேரம் குறிக்கும் மெஷின் சிவப்பு விளக்கு காட்டியது. கம்பெனி சூப்பர்வைசர் ரவிக்குமார் தலையைச் சொறிந்தான். ஸ்ரீராம்புரத்துப் பையன், ஜெயராமன்மேல் மரியாதை உள்ளவன்.

"அண்ணா, என் கைல ஒண்ணும் இல்லண்ணா. மூணு செவப்பு விழுந்தா மேல இருந்தே பேர எடுத்துடுவானுங்க. கொஞ்சம் முன்னாடி கெளம்பேன்."

முன்னாடி கிளம்பலாம்தான். காந்தாவை எழுப்பி உட்கார வைத்து, கார்ப்பரேஷன் தண்ணீர் வந்து பிடித்து வைத்துவிட்டுத்தான் கிளம்ப முடியும். தண்ணீர் தன் இஷ்டத்துக்கு வரும். ஜெயராமன் சனிக்கிழமை அரை நாள் முடிந்ததும் நேரே மன்றத்தின் ஆபீசுக்குப் போனார்.

அது கண்ணாடிக் கட்டடம். வாசலில் செக்யூரிட்டி தடுத்தார். "சைக்கிளெல்லாம் உள்ள விடக் கூடாது."

"இது சைக்கிள் ஆபீஸ்தானேங்க?"

"அதனாலதான் சொல்றேன். பெரிய பெரிய ஆளுங்க வர்ற எடம். கார் நிறுத்தவே எடம் பத்தல."

எதிரே இருந்த மின்கம்பத்தில் சைக்கிளைச் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டு உள்ளே போனார். மன்றத்தின் செயலாளர் நிருபமா அவரை உட்கார வைத்து, புல் வாசனை அடிக்கும் ஏதோ ஒரு டீ கொடுத்து, முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டாள். ஒரு இடத்தில் அவள் கண் கலங்கக்கூடச் செய்தது. ஜெயராமனுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. கதை கேட்கிறவர்கள் காரியமும் செய்வார்கள் என்று நினைக்கிற ஜாதி அவர்.

"பாருங்கோ ஜெயராமன்" என்றாள் நிருபமா. "நான் ரொம்ப ஓப்பனா பேசறேன். சைக்கிளுக்கு இந்த ஊர்ல ரொம்ப நாளா ஒரு கெட்ட பேர். ஏழைகளோட வண்டின்னு. அதைத் தொடைக்க நாங்க எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கோம் தெரியுமா? இப்பத்தான் டாக்டர்ஸ், ஐடி வைஸ் பிரசிடெண்ட்ஸ் எல்லாம் ஓட்ட ஆரம்பிச்சிருக்கா. அந்த நேரத்துல ஹேண்டில்ல தூக்கு மாட்டிண்டு, வேர்த்து விறுவிறுத்து ஒருத்தர் வந்தா பார்க்கறவா என்ன நெனைப்பா? சைக்கிள்னா வேற வழியில்லாதவா ஓட்டறதுன்னு நெனைச்சுடுவா."

"எனக்கு வேற வழி இல்லதாம்மா."

"அதேதான் பிராப்ளம்" என்றாள் அன்பாக. "வேற வழி இருந்தும் ஓட்டறவாதான் சைக்ளிஸ்ட்."

நிருபமா அவரைக் கைவிடவில்லை. மன்றத்தில் எல்லாருக்கும் இடம் உண்டு, அதுதான் மன்றத்தின் கொள்கை. வேலைக்குப் போகிறவர்களையும் சைக்ளிஸ்ட்டாக மாற்ற ஒரு பயிற்சி இருக்கிறதாம். நாலு ஞாயிற்றுக்கிழமை ரைடுக்கு வர வேண்டும், அப்புறம் தலைவர் ஒரு நேர்காணல் வைப்பார், தேறினால் பேட்ஜ். பேட்ஜ் இருந்தால் டிராக்கில் யாரும் நிறுத்த மாட்டார்கள். இதுவரை இந்தப் பயிற்சிக்கு யாரும் வந்ததில்லை என்று சொல்லும்போது நிருபமாவின் குரலில் ஒரு ஆர்வம் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஜெயராமன் போனபோது குளத்தோரம் முழுக்கக் கார்கள். ஒவ்வொரு காரின் முதுகிலும் இரண்டு சைக்கிள். சைக்கிள் ஓட்ட வந்தவர்களின் கார்களால் சாலை அடைத்துப்போய், ஒரு ஆம்புலன்ஸ் திரும்பிப் போனது. சைக்கிளிலேயே வந்து சேர்ந்த ஆள் ஜெயராமன் ஒருவர்தான். அதைக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று அவருக்குப் பயமாக இருந்தது.

எல்லாரும் வட்டமாக நின்று உறுதிமொழி எடுத்தார்கள். நிருபமா ஒலிபெருக்கியில் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொன்னார்கள். "இன்று நான் எங்கும் போய்ச் சேர மாட்டேன். போவதே எனக்குப் போதும்." பிறகு கைகாலை நீட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள், அப்புறம் மசால் தோசைக் கடை வரைக்கும் ஓட்டினார்கள். ஜெயராமன் பழக்க தோஷத்தில் எல்லாருக்கும் முன்னால் போய்விட்டார். ஸ்ரீஹர்ஷா மூச்சு வாங்கத் துரத்திக்கொண்டு வந்து நிறுத்தினான்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மொகத்துல போய்ச் சேரணும்னு ஒரு எண்ணம் தெரியுது. தூரத்துல இருந்தே தெரியுது."

"என்னப்பா செய்யறது?"

"வளைஞ்சு வளைஞ்சு ஓட்டுங்க. நடுவுல நிறுத்தி ஆகாசத்தப் பாருங்க. மரம் கெடைச்சா மரத்தப் பாருங்க."

மரத்தைத்தான் வெட்டியாகிவிட்டது. ஜெயராமன் ஆகாசத்தைப் பார்த்துக்கொண்டு ஓட்டினார். பச்சைப் பெயிண்டுக்கு நடுவில் இருந்த ஒரு குழியில் முன்சக்கரம் இறங்கி முழங்கை தேய்ந்தது. அந்தக் குழிக்கும் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். மன்றத்தார் ஓடிவந்து தூக்கிவிட்டு, முதன்முறையாக அவரைப் பாராட்டினார்கள். விழுந்த விதம் சைக்ளிஸ்ட் மாதிரியே இருந்ததாம்.

அன்றிலிருந்து ஜெயராமன் சாயங்காலங்களில் தெருவில் பயிற்சி செய்ய ஆரம்பித்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போவார், திரும்புவார், ஆகாசத்தைப் பார்ப்பார், மறுபடி போவார். காந்தா வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க போற?"

"சும்மா."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான்."

காந்தாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் வாயில் அந்தச் சொல் வந்து அவள் கேட்டதில்லை. "வேலை போயிடுச்சா? மறைக்காம சொல்லு. இல்ல மண்டைல ஏதாச்சும் ஆயிடுச்சா?" என்றாள். ஜெயராமன் விளக்கிச் சொன்னார். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "ரோட்டுல போறதுக்கு எங்கயும் போகலேன்னு சொல்லணுமா?" என்றாள். அப்புறம் அதைப் பற்றி அவள் பேசவேயில்லை. இதற்கிடையில், தினமும் சந்து வழியாக அடித்துப்பிடித்துப் போய்க்கொண்டிருந்தும், இரண்டாவது சிவப்பும் விழுந்துவிட்டது.

நேர்காணல் நாள் வந்தது. மன்றத்தின் தலைவர் ஆராவமுதன், ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர். உடம்போடு ஒட்டின ஊதா நிற உடுப்பும், உடுப்பு முழுக்கக் கம்பெனி பெயர்களுமாக உட்கார்ந்திருந்தார். கேள்வி கேட்பதற்கு முன் அவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டார்.

"நான் சர்வீஸ்ல இருந்தப்போ இந்த ஊர்ல பாதி ரோட்டை அகலப்படுத்தினவன். அப்பல்லாம் ரெண்டு ஓரமும் சைக்கிள்காரா ஈசல் மாதிரி வருவா. மில்லுக்குப் போறவா, ஃபேக்டரிக்குப் போறவா. ஒருத்தர் விடாம ரோட்டை விட்டுக் காலி பண்ணினோம். எனக்கு அதுக்கு மெடல்கூட குடுத்தா. ரிட்டயர் ஆனப்புறம் டாக்டர் எனக்கு ஷுகர்னு சொன்னார், சைக்கிள் ஓட்டுங்கோன்னார். வெளில வந்து பார்க்கறேன், ஊர்ல ஒரு சைக்கிள் இல்லை. மனசு ஒடைஞ்சு போச்சு. அன்னிக்கே சபதம் எடுத்தேன், இந்த நகரத்துக்கு நான் சைக்கிளைக் கொண்டுவந்து காட்டறேன்னு."

நிருபமா கை தட்டினாள். ஜெயராமனும் தட்டினார். அவருடைய அப்பா மில்லுக்குச் சைக்கிளில் போனவர். அதைச் சொன்னால் மார்க் குறையுமோ என்று வாயை மூடிக்கொண்டார்.

"சரி, எங்க போறேள்?" என்றார் ஆராவமுதன்.

"சும்மாங்க."

"எப்போ திரும்புவேள்?"

"தெரியாதுங்க."

"போற எடத்துல யாராவது உங்களுக்காகக் காத்துண்டு இருக்காளா?"

இந்தக் கேள்விக்கு அவர் தயாராக வரவில்லை. மூடிய கேட்டுக்கு வெளியே பையைச் சுமந்துகொண்டு நிற்கிற பிள்ளைகள் ஞாபகம் வந்தார்கள். ஆஸ்பத்திரி பெஞ்சில் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காந்தா ஞாபகம் வந்தாள்.

"யாரும் இல்லீங்க" என்றார். சொன்ன பிறகு அவருக்கு அவமானமாக இருந்தது. கெட்ட வார்த்தை பேசிவிட்டவர் மாதிரி துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

பேட்ஜ் கிடைத்தது. திங்கட்கிழமை பச்சைப் பாதையில் போனார், ஸ்ரீஹர்ஷா சல்யூட் அடித்தான். மெஷின் பச்சை காட்டியது. ஜெயராமன் மணியை வழக்கத்தைவிடப் பலமாக அடித்தார். செவ்வாயும் புதனும் அப்படியே போயின. எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த மூன்று ராத்திரி அவர் நிம்மதியாகத் தூங்கினார். வியாழக்கிழமை ஸ்ரீஹர்ஷா தயங்கித் தயங்கி விசில் ஊதினான்.

"சார், உங்க சும்மாவுல ஒரு பேட்டர்ன் தெரியுதுன்னு சிஸ்டம் சொல்லுது."

"என்னது?"

"தெனமும் அதே டைம், அதே பக்கம். திரும்பி வர்றதும் அதே டைம். யாரும் சும்மா அப்பிடிப் போக மாட்டாங்களாம். பேட்ஜ ஒரு வாரம் லாக் பண்ணிட்டாங்க." ஸ்ரீஹர்ஷா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "ஒரு நாள் போங்க, ஒரு நாள் பாதிலயே திரும்பிடுங்க சார். சரியாயிடும்" என்று தன்னால் முடிந்த உதவியைச் செய்தான்.

பாதியில் திரும்பினால் கேட்டை யார் திறப்பது. ஜெயராமன் அவன் காலைத் தொடாத குறையாகக் கெஞ்சினார். "தம்பி, இன்னிக்கு ஒரு நாள் விட்டுடு. மூணாவது செவப்பு விழுந்துடும்பா. எம் பொஞ்சாதி உயிரு அதுல இருக்கு." ஸ்ரீஹர்ஷா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

மூன்றாவது சிவப்பு விழுந்தது. ரவிக்குமார் அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டுச் சாவியையும் காப்பீட்டு அட்டையையும் வாங்கிக்கொண்டான். "என் கைல இருந்தா உன்ன விடுவேனாண்ணா" என்றான். அவன் கண் நிறைந்திருந்தது. ஜெயராமனுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. யார்மேல் கோபப்படுவது என்று தேடிப் பார்த்தார். எல்லாரும் நல்லவர்களாக இருந்தார்கள்.

அடுத்த வாரம், பேட்ஜின் லாக் விட்ட பிறகு, வீட்டில் உட்கார்ந்து காந்தாவின் வீங்கின காலைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல், சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். எந்தப் பக்கம் போகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. பச்சைப் பாதையில் கொஞ்ச தூரம் போனார், நின்றார், குளத்தைப் பார்த்தார், திரும்பினார். மறுநாள் வேறு நேரத்தில் வந்து வேறு பக்கம் போனார். நாலாம் நாள் மன்றத்திலிருந்து ஆள் வந்து அவரை ஆட்டோ வைத்து அழைத்துப்போனார்கள். சிஸ்டத்தில் அவருக்கு ஊரிலேயே முதல் இடமாம். மேடை போட்டுச் சால்வை போர்த்தினார்கள்.

"ஒரே சீசன்ல, வேலைக்குப் போய்ண்டிருந்த ஒருத்தரை முழு சைக்ளிஸ்ட்டா மாத்திக் காட்டியிருக்கோம்" என்று நிருபமா மைக்கில் பேசினாள். "அடுத்த வருஷம் இதை ஆயிரம் பேருக்குச் செய்யப்போறோம்."

கை தட்டல் அடங்கியதும் ஜெயராமன் அவளிடம் மெதுவாகக் கேட்டார். "அம்மா, எங்கயாச்சும் வேலை ஒண்ணு சொல்லுங்களேன். அட்டை குடுக்கற வேலையா."

"வேலை கெடைச்சா பேட்ஜை வாங்கிடுவோமே ஜெயராமன்" என்றாள் நிருபமா, அவருக்காக உண்மையிலேயே பதறி.

அட்டை போனதால் பழைய ஆஸ்பத்திரி காந்தாவைச் சேர்க்கவில்லை. அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரியில் விடிவதற்குள் வரிசையில் நின்றால், ஒருவேளை அன்றைக்கு ஒரு மெஷின் காலியாகலாம் என்றார்கள். பொம்பளைகளுக்குப் பஸ் இலவசம். ஆனால் குளத்தோரம் இருந்த பஸ் ஸ்டாப்பைச் சைக்கிள் பாதைக்காகத் தூக்கி, பாதை முடிகிற இடத்துக்கு அப்பால் வைத்துவிட்டிருந்தார்கள். ஜெயராமன் காந்தாவைப் பின்னால் கேரியரில் உட்கார வைத்து, புடவைத் தலைப்பைச் சக்கரத்தில் மாட்டாமல் சுருட்டிக் கையில் கொடுத்து, பச்சைப் பாதையில் ஏறினார்.

ஸ்ரீஹர்ஷா போனை நீட்டினான். ஜெயராமனின் பேட்ஜ் உடனே பச்சை காட்டியது. "அம்மா யாரு சார்?" என்றவன், காந்தாவைப் பார்த்துக் கேட்டான். "நீங்க எங்க போறீங்கம்மா?"

ஜெயராமன் திரும்பி அவளிடம் கண்ணைக் காட்டினார். ஒரே ஒரு சொல்தான், சொல்லிவிட்டால் போதும். காந்தாவுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அவளுக்கு வாய் வரவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப்பா" என்றாள்.

ஸ்ரீஹர்ஷா தலையைக் குனிந்துகொண்டான். காந்தா இறங்கினாள். ஜெயராமனும் இறங்கப் போனார். டிராக்கில் இறங்கி நடக்கக் கூடாது, சைக்கிளைப் பெரிய சாலையில் தள்ளிக்கொண்டு போகவும் கூடாது என்று அவன் தரையைப் பார்த்தபடியே சொன்னான். வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போனால் மன்றத்தின் லாரி தூக்கிக்கொண்டு போய்விடும்.

காந்தா கம்பங்களுக்கு அந்தப் பக்கம், பெரிய சாலையின் ஓரமாக நடந்தாள். லாரி உரசிக்கொண்டு போகும்போதெல்லாம் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் நின்ற இடத்தில் ஜெயராமனும் காலை ஊன்றி நின்றார். அவள் நடந்தால் அவர் ஒரு மிதி மிதித்தார். கை எட்டுகிற தூரம்தான், நடுவில் கம்பம். ஆகாசம் வெளுத்துக்கொண்டு வந்தது. இன்றைக்கு வரிசையில் இடம் கிடைக்காது என்பது இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவர்கள் பஸ் ஸ்டாப்பை நோக்கிப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.

பின்னாலிருந்து ஊதா உடுப்பில் வந்த ஆராவமுதன் ஜெயராமனைத் தாண்டும்போது பிரேக் போட்டு, அவர் ஓட்டுகிற விதத்தைக் கொஞ்ச நேரம் ரசித்துப் பார்த்தார்.

"பேஷ்" என்றார். "இப்பத்தான் சரியான வேகம் வந்திருக்கு உங்களுக்கு."